எண்ணிட்ட சிற்பமும் வாழும் கட்டடமும்

மறைந்த கட்டடக் கலைஞர் ஒருவரின் நினைவாக, அவர் படைத்த வடிவத்தைச் சிறு சிற்பமாக வார்த்து, எண் பொறித்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் செய்வதில்லை என்ற உறுதியோடு விற்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வாங்குவோர் அதை வரவேற்பறைக்கு அழகாகவும், விலை ஏறக்கூடிய சொத்தாகவும் கருதுகின்றனர். இதில் தவறேதும் இல்லை. ஆனால், கலைஞரின் மரபைக் காக்க இது ஒன்றே போதுமா?

சண்டிகர் நகரம் இதற்கு விடை தருகிறது. அந்நகரை வடிவமைத்த லே கொர்பூசியே 1965-இல் மறைந்தார். அவர் பல்லாண்டுகள் மனத்தில் சுமந்த ‘திறந்த கை’ சிற்பம் 1985-இல்தான் அங்கே எழுந்தது. 26 மீட்டர் உயரமுடைய அது காற்றின் போக்கிற்கேற்பச் சுழல்கிறது. கொடுக்கவும் பெறவும் விரிந்த கை என்பது அதன் பொருள். அதுவே இன்று நகர நிர்வாகத்தின் சின்னம்.

அதே நகரின் அரசு அலுவலகங்களுக்காக அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே உருவாக்கிய தேக்கு நாற்காலிகளின் கதை வேறு. பழையன என்று கழிக்கப்பட்டு, அற்ப விலைக்கு ஏலம் போன அவை, பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் இலட்சக்கணக்கான ரூபாய் பெற்றன. 2011-இல் உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனையைத் தடுக்க உத்தரவிட்டது. அதற்குள் பல கடல் கடந்துவிட்டன. சின்னத்தைப் போற்றிய நாம் பயன்பாட்டுப் பொருளைப் பேணத் தவறினோம்.

எண்ணிட்ட சிற்பத்தின் விலை அது அரிதாக இருப்பதால் உயர்கிறது. கட்டடக் கலையின் பயனோ பலருக்கும் பரவுவதால் வளர்கிறது. இதை உணர்த்தியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து இந்தியக் குடிமகனான அவர், 1960-களில் நம் இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில், மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் வாழ்ந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூர் பேருந்து நிலையத்தருகே சுருளாக எழும் இந்தியன் காபி ஹவுஸும் அவருடைய படைப்புகள். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் ‘எலிப்பொறி’ச் சுவரை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறையும். கூரைக் கான்கிரீட்டின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். நிலத்தின் சரிவை வெட்டிச் சிதைக்காமல், அதற்கு இணங்கக் கட்டினார். 2018 ஆகஸ்ட் பெருமழையில் நிலச்சரிவுகளைக் கண்ட இடுக்கி மக்களுக்கு இந்தக் கடைசிப் பாடத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அவர் 2007-இல் மறைந்தார். அவருக்கும் ஒருநாள் எண்ணிட்ட சிற்பம் வரலாம். விரும்புவோர் வாங்கி மகிழட்டும். ஆனால் பள்ளிவாசலிலோ பாலக்காட்டிலோ வீட்டுக்கடன் பெற்று வீடு கட்டவிருக்கும் குடும்பம், மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திடுமுன் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்தச் சரிவை வெட்டாமல் கட்ட இயலுமா? அருகில் கிடைக்கும் பொருள் எது? தேவையற்ற பூச்சு எங்கெல்லாம் உள்ளது? இவற்றால் கடன் தொகை குறையக்கூடும். தவணைச் சுமையும் இலேசாகும். பேக்கரின் மரபுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த மரியாதை அதுவே.