துடிக்காத வலிப்பையும் தேடுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் புற்றுநோயாளி திடீரென்று பேச்சை நிறுத்துகிறார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பதில் இல்லை. கீமோ அசதி, காய்ச்சல் மயக்கம் என்று இரண்டு நாள் கழிகிறது. மூன்றாம் நாள், ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீட்டாரிடம் கைவிரிக்கிறார்கள். அதற்கு முன், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்களா?

கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று பொதுமக்கள் நினைக்கலாம். மருத்துவமனை நினைக்கக் கூடாது. உடல் துடிக்காமலே மூளைக்குள் வலிப்பு மணிக்கணக்கில் நீடிக்கும். இமை லேசாகப் படபடக்கலாம், உதட்டோரம் இழுக்கலாம்; சிலருக்கு அதுவும் இராது. சி.டி. ஸ்கேன் இதைக் காட்டாது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தொடர் இ.இ.ஜி. கண்காணிப்பில் இருந்த 570 பேரில் 19 சதவீதத்தினருக்கு வலிப்பு பதிவானது. அவர்களில் 92 சதவீதத்தினருக்கு வெளியே தெரியாத வலிப்பு மட்டுமே. ஆழ்மயக்கத்தில் இருந்தோருக்கு முதல் வலிப்பு பிடிபட ஒரு நாளுக்கு மேலும் ஆனதுண்டு. அரைமணி நேரம் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதுவது போதாது. (அந்த ஆய்வு புற்றுநோயாளிகளை மட்டும் பார்த்ததல்ல.)

புற்றுநோயாளிக்கோ ஆபத்து பல வழிகளில் வருகிறது: மூளைக்குப் பரவிய கட்டி, சோடியம் குறைவு, ஐபோஸ்ஃபமைட் போன்ற கீமோ மருந்து. இவற்றைவிட உறுத்துவது செஃபெபிம். கீமோவுக்குப் பின் வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தால் உடனே ஏற்றப்படும் ஆன்டிபயாடிக் அது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் உடலில் தேங்கி, இந்த வலிப்பையே உண்டாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே எச்சரித்தது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறக்கூடியவரை முற்றிய நோயாளி என்று முத்திரை குத்தி அனுப்புவது அநியாயம் இல்லையா?

கருவி வாங்குவது எளிது. மின்முனைகளைப் பொருத்தும் டெக்னீஷியனும், அலைகளைப் படிக்கும் நரம்பியல் மருத்துவரும் இரவில் கிடைப்பதுதான் அரிது. நெஞ்சுவலிக்கு ஈ.சி.ஜி. எடுக்க விடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. காரணம் தெரியாமல் நினைவு மங்கும் புற்றுநோயாளிக்கும் அதே அவசரம் வேண்டும். அரசின் பெரிய புற்றுநோய் மையங்களில் 24 மணி நேர இ.இ.ஜி. வசதியும், தொலைவிலிருந்தே பதிவைப் படிக்கும் ஏற்பாடும் வேண்டும். காப்பீட்டுத் திட்டம் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.

இறுதிக்கட்ட நோயாளியை எதற்குப் படுத்த வேண்டும் என்பார்கள். வலிப்பை அடக்க எல்லோருக்கும் கண்மூடித்தனமாக மயக்க மருந்தை ஏற்றச் சொல்லவில்லை. அதுவும் உயிருக்கு ஆபத்துதான். சிகிச்சை வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. ஆனால், மயக்கத்துக்குக் காரணம் நோயா, நிறுத்திவிடக்கூடிய ஒரு மருந்தா என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுக்கட்டும்.