மேடை போதும், பட்டறை வேண்டும்

எங்கள் தாமானில் உள்ள கோயிலுக்கு என் தந்தையார் பதினோர் ஆண்டுகள் பொருளாளராக இருந்தார். திருவிழாவிற்கு வந்த ஒவ்வொரு வெள்ளியையும் பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்தார். கணக்கில் ஒரு காசு குறைந்ததில்லை. ஆயினும் ஒருநாள் அரசாங்கக் கடிதம் வந்தது. மூன்று ஆண்டுகளாக ஆண்டறிக்கை வரவில்லை. சங்கத்தின் பதிவை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று மலாய்மொழியில் கேட்டிருந்தார்கள். செயலவையில் ஒன்பது பேர். என்ன பதில் எழுதுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டம் கேட்பது பெரிய வித்தையன்று. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலையும் கணக்கறிக்கையையும் அனுப்ப வேண்டும். கூட்டமே நடக்காவிட்டாலும் அந்த ஆண்டு முடிந்த 60 நாட்களுக்குள் அறிக்கை போக வேண்டும். நேர்மையாகக் கணக்கு வைப்பது ஒன்று; அதை உரிய படிவத்தில், உரிய நாளில் காட்டுவது வேறொன்று. முன்னது நம் பெரியவர்களிடம் உண்டு. பின்னதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நகராண்மைக் கழகத்தின் வாசலிலும் இதே நிலைதான். கால்வாய் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் தேர்தல் காலம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக்கூட்டத்தில் பொதுமக்கள் பார்வையாளராக அமரலாம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அதே 1976இல் வந்த நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். பள்ளிக்கு எந்த நிலம், வழிபாட்டுத் தலத்திற்கு எந்த நிலம், மயானத்திற்கு எந்த நிலம் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்டிருக்கும். அந்த நான்கு வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதாதவர்கள், மண்வாரி இயந்திரம் வந்தபின் பதாகை பிடிக்கிறோம்.

"உறுப்பினர்களை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? நமக்கென்ன?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் இதை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மாநில அரசின் நியமனம் நிலைபெற்றது. வாக்குரிமை இல்லாத இடத்தில், விதிகளை அறிந்து பேசுவது ஒன்றே நம் கையில் உள்ள கருவி. ஆகவே அக்கறை குறையக் கூடாது, கூட வேண்டும்.

இங்கேதான் நம் பேரவைக்கு வேலை இருக்கிறது. கலை இரவையும் பட்டிமன்றத்தையும் நான் பழிக்கவில்லை. நானும் அந்த மேடைகளில் வளர்ந்தவன்தான். ஆனால் ஆண்டுக்கு நான்கு சனிக்கிழமைகளைத் தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த மக்கள் வாழும் தாமான்களுக்கு ஒதுக்க முடியாதா? கோயில் மண்டபத்தில் இருபது நாற்காலி போதும். சட்டம் படித்த முன்னாள் மாணவர் ஒருவர், கணக்காய்வாளர் ஒருவர், மலாய்ப் படிவத்தைத் தமிழில் விளக்க நான்கு மாணவர்கள். வருபவர்கள் தங்கள் சங்கத்தின் சொந்தக் கணக்குப் புத்தகத்தையும் வீட்டு மதிப்பீட்டு வரிச் சீட்டையும் கொண்டு வரட்டும். உரை அரை மணி நேரம். மீதி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகுவது. மாலையில் ஓர் ஆண்டறிக்கையாவது முழுமையாகி, ஒரு புகார்க் கடிதமாவது கையொப்பமாகியிருந்தால் அந்தப் பட்டறை வெற்றி.

இது அரசியலாகிவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று சொன்னால் அது கட்சி அரசியல். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்வது கல்வி.

எங்கள் கோயில் பிழைத்தது. பேரவையின் முன்னாள் மாணவியான அக்காள் ஒருவர் இரண்டு இரவுகள் தந்தையாரோடு அமர்ந்து, அந்தப் பயிற்சிப் புத்தகங்களிலிருந்தே மூன்று ஆண்டுக் கணக்கையும் எடுத்துக் கொடுத்தார். அந்த அக்காள் கிடைக்காத கோயில்களை நினைத்துப் பார்க்கிறேன். நண்பர்களே, அவர்களுக்கு நாம் கிடைப்போமே!