பங்கிட இயலாத நெற்குவியல்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே செல்லும் கதையை அறியாத வீடு நம்மிடையே இராது. பலகையில் உள்ளவை 64 கட்டங்கள். அவற்றை 127 ஆகப் பெருக்கினால் மொத்தம் எத்தனை நெல்மணிகள் சேரும்? விடை 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்: 170141183460469231731687303715884105727. இரண்டின் 127-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் இதுவே கிடைக்கும்.

இக்குவியலை ஒருவரிடமே கொடுத்துவிடலாம்; அல்லது ஆளுக்கு ஒரு மணி வழங்கலாம். வேறு எவ்வகையிலும் மிச்சமின்றிச் சமமாகப் பங்கிட இயலாது. அதாவது, இது ஒரு பகா எண்.

இதனை எங்ஙனம் அறிவது? ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்கப் புகுந்தால், நொடிக்கு ஓர் எண் வீதம் பார்த்தாலும் நாற்பதாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

1644-ஆம் ஆண்டில் மரேன் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வகை எண்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளுள் பதினொன்றே பகா எண்ணைத் தரும் என்றும், 67, 127, 257 ஆகியவை அவற்றுள் அடங்கும் என்றும் கூறினார். கண்ட வழியை அவர் கூறவில்லை. ஆயினும் அவர் பெயரின் பெருமையால் அப்பட்டியல் நெடுங்காலம் நிலைத்தது.

1876-இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார் லூகாஸ், வகுத்துப் பாராமலே சோதிக்கும் நெறியொன்றைக் கண்டார். 127 தேறியது, 67 தேறவில்லை. 1903-இல் அமெரிக்கரான கோல், 67-ஆம் அடுக்கினால் வரும் எண் 193707721, 761838257287 ஆகிய இரண்டின் பெருக்கம் என்று காட்டினார். பின்னர் 257-உம் தவறு என்று தெரிந்தது. 61, 89, 107 என்னும் மூன்று அடுக்குகள் பட்டியலில் விடுபட்டிருந்தமையும் வெளிப்பட்டது.

லூகாஸின் நெறியை 1930-இல் லேமர் எளிதாக்கினார். 31 என்னும் எண்ணைக் கொண்டு அதனைக் காண்போம். இது இரண்டின் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. 4-இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2 கழிக்க, 14. அவ்வாறே மீண்டும் செய்ய, 194. 31-ஆல் வகுக்க மிச்சம் 8. மீண்டும் செய்ய, 62. 31-ஆல் வகுக்க மிச்சமில்லை. அடுக்கு 5 ஆதலின் அதனினும் இரண்டு குறைவாக மூன்று முறை செய்தோம், இறுதியில் மிச்சமில்லை. ஆகவே 31 பகா எண். நம் 39 இலக்க எண்ணுக்கு இதே முறையில் 125 சுற்றுகள் போதும்.

கையினால் சரிபார்க்கப்பட்ட அவ்வெண், 1951-இல் பொறிகளின் துணையால் அதனினும் பெரியவை காணப்படும் வரை, எழுபத்தைந்து ஆண்டுகள் அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாய் விளங்கிற்று.

"விடை சரிதானே, வழியை எதற்கு எழுத வேண்டும்?" என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு மெர்சென் பட்டியலின் கதையைக் கூறுவோம். பிறகு 127 என்னும் எண்ணையே கொடுத்துச் சோதிக்கச் சொல்வோம். அது இரண்டின் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. ஐந்தே சுற்றுகளில் விடை கிட்டும். இடையில் வரும் மிச்சங்களையும் ஒன்று விடாமல் எழுதச் செய்தல் நன்று.