கூடக் குடுத்தா உடனே பிடித்தம், கொறைச்சுக் குடுத்தா காத்திரு!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு மொக்கை போடுற மூடும் இல்ல மக்களே. கடுப்புல எழுதுறேன், பொறுத்துக்குங்க.

ஏப்ரல்ல அப்ரைசல் முடிஞ்சு லெட்டர் வந்துச்சு. மாசம் 6,200 ரூபாய் கூடணும். கூடல. கேட்டா, "சிஸ்டத்துல அப்டேட் ஆகல, டிக்கெட் போடுங்க". போட்டேன். மூடுனாங்க. மறுபடி போட்டேன். இப்படியே ஆகஸ்ட் வரைக்கும் அஞ்சு மாசம். செப்டம்பர்ல சம்பளத்தைச் சரி பண்ணி, பாக்கியையும் சேர்த்துப் போட்டாங்க. ஆனா அஞ்சு மாசப் பாக்கிக்குப் பதிலா ஆறு மாசத்துக்குப் போட்டுட்டாங்க. விடுவாய்ங்களா? அக்டோபர் சம்பளத்துல 6,200 காலி. போன் இல்ல, டிக்கெட் இல்ல, பேஸ்லிப்புல ஒரே ஒரு வரி.

நான் கேட்டதுக்கு அஞ்சு மாசம். அவங்க எடுத்துக்கிட்டதுக்கு ஒரே மாசம். நடுவுல அஞ்சு மாசம் கம்பெனிக்கு நான் வட்டியில்லாக் கடன் குடுத்திருக்கேன். அதுக்கு ஒரு நன்றி மெயில் கூட வரல :-)

இதுல எனக்குப் பெரிய நஷ்டம் இல்ல. கடுப்புக்கு நிஜக் காரணம் எங்க பெரியப்பா.

கம்பம் பக்கத்துல ஒரு அரசு அலுவலகத்துல உதவியாளரா சேர்ந்து, பதிவறை எழுத்தரா 2019ல ஓய்வு பெற்றவர். அதுக்குப் பதினாலு வருசம் முன்னாடி அவருக்குத் தேர்வு நிலை போட்டப்ப பணிப்பதிவேட்டுல தேதியைத் தப்பா எழுதிட்டாங்க. அதனால ஒரு இன்கிரிமென்ட் கூடவே வந்துக்கிட்டு இருந்திருக்கு. எழுதுனது அவர் இல்ல, சரிபார்த்ததும் அவர் இல்ல. ஓய்வுக்கு மூணு மாசம் இருக்குறப்ப தணிக்கையில கண்டுபிடிச்சாங்க. பணிக்கொடையில 1,86,000 ரூபாயை வெட்டிட்டாங்க. அந்தக் காசுலதான் மூட்டு ஆபரேசன் பண்றதா இருந்தார். இன்னைக்கும் பண்ணல. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கார்.

"எழுதுனது அவய்ங்க, குடுத்தது அவய்ங்க, கட்டுறது மட்டும் நானாடா?" இப்படிக் கேட்டார். பதில் தெரியல எனக்கு. இப்பத்தான் தேடிப் படிச்சேன். படிச்சப்புறம் இன்னும் எரியுது.

2014 டிசம்பர் 18ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்திருக்கு. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசிஹ்ங்கிறவருக்கும் நடந்த வழக்கு. ஊழியர் பக்கம் தப்பு இல்லாம அலுவலகப் பிழையால கூடுதலாக் குடுத்த சம்பளத்தை எப்பல்லாம் திரும்பப் பிடிக்கக் கூடாதுன்னு பட்டியலே போட்டிருக்காங்க. சி, டி பிரிவு ஊழியர்கிட்ட பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவர், ஒரு வருசத்துக்குள்ள ஓய்வு பெறப்போறவர்கிட்ட பிடிக்கக் கூடாது. அஞ்சு வருசத்துக்கு மேல குடுத்துக்கிட்டு வந்ததையும் பிடிக்கக் கூடாது. இதுல ஒண்ணு பொருந்தினாலே போதும். பெரியப்பாவுக்கு மூணும் பொருந்துது!

தீர்ப்பு வந்தது 2014, வெட்டுனது 2019. அந்த அலுவலகத்துல ஒருத்தருக்குமா தெரியாது? சரி, தெரிஞ்சா மட்டும்? கேரளாவுல தாமஸ் டேனியல்னு ஒரு ஆசிரியர். தப்பாக் குடுத்த இன்கிரிமென்ட்டைத் திரும்பக் கேட்டாங்க. அவர் ஓய்வு பெற்றது 1999. பிடிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 மே மாசம். இருபத்திமூணு வருசம்! எங்க பெரியப்பா மதுரைக் கிளையில கேஸ் போட்டிருக்கலாம்தான். "பென்சனை நிறுத்திப்புட்டா?"ன்னு பயந்தார். அந்தப் பயத்தை நம்பித்தான் இம்புட்டும் நடக்குது.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. ஜூன் 30ல ஓய்வு பெறுறவங்க ஒரு முழு வருசம் வேலை பார்த்திருப்பாங்க. ஆனா இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1. "அன்னைக்கு நீ வேலையில இல்ல, அதனால கிடையாது". இது கணக்குப் பிழை கூட இல்ல, விதியைப் படிச்ச லட்சணம். அய்யம்பெருமாள் வழக்குல, பென்சன் கணக்குக்கு அதைச் சேர்க்கணும்னு 2017ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அது அவர் ஒருத்தருக்கு மட்டும்னு அரசு சொல்லிடுச்சு. 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே அந்த இன்கிரிமென்ட் உண்டுன்னு முடிச்சு வச்சது. ஆனா கேஸ் போடாதவங்களுக்கு 2023 மே 1ல இருந்துதான் கணக்கு, அதுக்கு முந்தின பாக்கி கிடையாதாம்.

ஊழியர் தரணும்னா பதினாலு வருசக் கணக்கைத் தோண்டுறாங்க. ஊழியருக்குத் தரணும்னா பழசு எல்லாம் மூடியாச்சு. எந்த ஊர் நியாயம்பா இது?

"சிஸ்டம் தப்பு"ங்கிற கதையை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. நானும் பொட்டி தட்டுறவன்தான். சிஸ்டம் தானா தேதியை மாத்தாது. தப்பான தேதியை யாரோ அடிச்சாங்க, யாரோ பார்க்காம ஓகே குடுத்தாங்க. கனடாவுல 2016ல பீனிக்ஸ்னு ஒரு சம்பள சாஃப்ட்வேர் கொண்டுவந்து, மத்திய அரசு ஊழியர் பாதிப் பேருக்கு மேல சம்பளத்தைக் குளறுபடி பண்ணிட்டாங்க. ஆனா அங்க சங்கம் போராடி, பட்ட சிரமத்துக்குன்னே தனியா நஷ்ட ஈடு வாங்குச்சு. 2020 ஒப்பந்தப்படி ஒருத்தருக்கு 2,500 டாலர் வரைக்கும். இங்க ஒரு "ஸாரி" வாங்குறதே பெரும்பாடு.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. கொறைச்சுக் குடுத்தா வட்டியோட குடு. கூடக் குடுத்திருந்தா, கை வைக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளு.

நாமளும் கொஞ்சம் முழிச்சுக்கணும். அரசு வேலையில இருக்கவங்க, "கூடுதலா வந்தா திருப்பித் தர்றேன்"னு உறுதிமொழி நீட்டுனா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்படி எழுதிக் குடுத்தவர்கிட்ட பிடிக்கலாம்னு 2016ல ஜக்தேவ் சிங் வழக்குல தீர்ப்பு இருக்கு. நம்மள மாதிரி தனியார் ஆளுங்களுக்கு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்புப்படி கூடுதலாக் குடுத்ததைப் பிடிக்கலாம்தான். ஆனா எல்லாப் பிடித்தமும் சேர்த்து அந்த மாசச் சம்பளத்துல பாதியைத் தாண்டக் கூடாது. கொறைஞ்சதைக் கேட்க மூணு வருசம் டைம் இருக்கு.

எங்க ஊர்ல இருந்து விடியுமுன்ன ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காங்க, கூலியை வாங்குன இடத்துலயே எண்ணிப் பார்ப்பாங்க. பத்து ரூபாய் கொறைஞ்சாலும் ஜீப் நகராது. இஞ்சினியரிங் முடிச்ச நாம, பேஸ்லிப்பைத் திறந்து கூடப் பார்க்குறதில்ல.

பெரியப்பாகிட்ட அந்த 2014 தீர்ப்பைத் தமிழ்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இதை அன்னைக்கு ஒருத்தனும் சொல்லலையேடா"ன்னார்.

அதுக்குத்தான் இந்தப் பதிவு. உங்க வீட்டுல, தெருவுல ஓய்வு பெறப்போறவங்க இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க.