திட்டுவதற்கும் டிக்கெட் வேண்டும்!

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரான நம்ம ஆபீஸ் தம்பி கொதித்தார்.

"கேப்டன் புரூனோ பதவியைப் பிடுங்கணும்னு 2023-ல ராய் கீன் சொன்னாரே... ரிட்டயரான ஹெட்கிளார்க் ஃபைலை நோண்டுற கதைண்ணே!"

"கீன், கேப்டனா இருந்தப்பவே 2005-ல சொந்த டீமை விளாசினவருப்பா!"

"அதுக்காக?"

"2018-ல நம்ம இந்திய டீம் மும்பையில ஆடின தைபே மேட்சுக்கு வந்த கூட்டம் 2,569 பேர். கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கெஞ்சினார். திட்டுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கன்னு. அடுத்த கென்யா மேட்ச் ஹவுஸ்ஃபுல்! ஜெயிச்சது 3-0."

தம்பி மௌனம்.

"ஆமா, ஞாயித்துக்கிழமை நம்மூர்ப் பசங்க ஆடினாங்களே, போனியா?"

"ராத்திரி மான்செஸ்டர் மேட்ச் பார்த்தேனா... தூங்கிட்டேண்ணே!"