ஒரு சம்பங்கிக் கிழங்கு

பூஞ்செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ரோஜாப் பதியன் ஒன்றை வாங்கி வந்து, அதைப் பூச்சிக்கும் நோய்க்கும் பறிகொடுத்து, தங்களுக்குக் கைராசி இல்லையென்று மனம் சலித்துவிடுவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அவர்கள் நிலச்சம்பங்கியில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்த செடியாயினும், கல்யாண மாலையிலும் சுவாமி சந்நிதியிலும் நெடுங்காலமாக மணம் பரப்பி, சத்தியமங்கலம் வட்டாரத்து உழவர்களுக்கு ஜீவனமாகவும் விளங்கும் இந்தப் பூ, நம் வெயிலுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அடுக்குச் சம்பங்கி பூச்சாடிக்கு அழகுதான். ஆனால் வாசனையை நாடுகிறவர்கள் ஒற்றைச் சம்பங்கியையே நட வேண்டும்.

அமுக்கிப் பார்த்தால் கெட்டியாகவும், 25 முதல் 30 கிராம் எடையுள்ளதாகவும் இருக்கும் கிழங்கே உத்தமம். பொடிக் கிழங்குகள் இலை விடுமே தவிர முதல் வருஷம் பூப்பது துர்லபம். தோண்டிய கிழங்கை ஏறக்குறைய ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, ஆனி ஆடியில், செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த தொட்டியில், முளைப்பக்கம் மேலே இருக்க, ஓர் அங்குல ஆழத்தில் பதித்து, நல்ல வெயிலில் வைக்க வேண்டும்.

அதன்பின் செய்ய வேண்டியது சொற்பம், அதுதான் கஷ்டம். முதன்முதலில் நட்டபோது நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். முளை வரக் காணோமே என்ற கவலையில் மூன்றாம் வாரம் மண்ணைக் கிளறியபோது, கிழங்கு அழுகிக் கூழாகிக் கையோடு வந்தது. முளைப்பதற்கு வேண்டிய ஆகாரத்தைத் தன் செதில்களுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும் அந்த ஜீவனுக்கு என்னுடைய பிரியமே விஷமாகிவிட்டதென்பதை அன்று உணர்ந்து வருந்தினேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். தொட்டியின் அடியில் ஜலம் தேங்கவே கூடாது.

நட்ட மூன்று நான்கு மாதங்களில், ஐப்பசி வாக்கில், தண்டு நீண்டு, அடியிலிருந்து மேலாக மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழும். பள்ளிக்கூடங்கள் திறக்கிற ஜூன் மாதமும் கிழங்கு நடும் பருவமும் ஒன்றாக அமைந்திருப்பதால், புத்தகத்தோடு ஒரு கிழங்கையும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கொடுத்தால் என்ன என்று நான் வெகுநாளாகக் கேட்டு வருகிறேன். பூத்த செடியை விலைக்கு வாங்கித் திண்ணையில் வைப்பதில், மண்ணுக்குள் நடப்பதைக் காணாமலே நம்பிக் காத்திருக்கும் அனுபவம் அந்தக் குழந்தைக்குக் கிட்டுமா?

ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அதைச் சுற்றிக் கிளைக்கும் பக்கக் கிழங்குகள் பருத்துத்தான் பின்னர் பூக்கின்றன. இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தித் தோண்டினால், நட்டது ஒன்றாக இருக்க, கிடைப்பது ஒரு கைப்பிடி. பெரியவற்றை நமக்கென்று வைத்துக்கொண்டு சிறியவற்றை ஒதுக்காமல், இரண்டையும் கலந்தே அடுத்த வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும்.