கண்ணாடியில் ஒட்டிய கணக்கு

வீடு மாற்றிப் போகிறவர்கள் பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் கணக்குத் தீர்க்காமல் கிளம்புவதில்லை. "நாளையிலிருந்து போட வேண்டாம், அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். ஆனால் காரை விற்கும்போது மட்டும் இந்த ஞாபகம் எங்கே போய்விடுகிறதோ! சாவியைக் கொடுக்கிறோம், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்கிறோம்; பணத்தை இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்கிறோம். முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் மட்டும் வண்டியோடு புறப்பட்டுவிடுகிறது.

போனால் என்ன என்கிறீர்களா? கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறீர்கள். கைபேசி 'டிங்' என்கிறது. பரனூரில் பணம் போய்விட்டது! சற்று நேரம் கழித்து ஆத்தூர். அப்புறம் விக்கிரவாண்டி. நீங்கள் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. உங்கள் பணம் மட்டும் திருச்சிக்குப் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது! வண்டியை வாங்கியவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. டோல்கேட் திறந்தது, அவர் போனார்.

"ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டால் தீர்ந்தது!" என்பீர்கள். பாதிதான் தீர்ந்தது, நேயர்களே! அந்த ஸ்டிக்கருக்குள் பணமும் இல்லை, பாட்டரியும் இல்லை. சின்னஞ்சிறு சிப் ஒன்றும், மெல்லிய உலோக ஆன்டெனாவும்தான் இருக்கின்றன. டோல்கேட்டின் மேலுள்ள கருவி வீசும் ரேடியோ அலை பட்டதும் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. அதைக் கேட்டுப் பணத்தைக் கழிப்பது வங்கி. கண்ணாடியிலிருந்து உரித்தாலும், உங்கள் பெயரும் வண்டி எண்ணும் வங்கியின் பேரேட்டில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இதனால் வாங்கியவருக்கும் சங்கடம். 2021 பிப்ரவரி 16 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒரு வண்டிக்கு ஒன்றுதான் என்பதும் விதி. உங்களுடையது உயிரோடு இருக்கும்போது அவர் தம் பெயரில் புதிதாக ஒன்று எடுக்கப் போனால் சிக்கல் கிளம்பும்.

ஆகவே முதலில் வங்கி, அப்புறம் கண்ணாடி. எந்த வங்கி என்பது ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். அதன் செயலியிலோ உதவி எண்ணிலோ, வண்டியை விற்றாயிற்று, கணக்கை மூடுங்கள் என்று சொல்லுங்கள். மீதிப் பணத்தையும், வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நம்முடைய பணத்தைக் கேட்க வெட்கம் எதற்கு? 2025 ஆகஸ்டு 15-இல் வந்த வருஷாந்தர பாஸை மட்டும் வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. காரை விற்கும் எண்ணம் இருந்தால் பாஸ் எடுக்குமுன் யோசியுங்கள்.

கணக்கு மூடியாயிற்று என்று பதில் வந்ததா? இனி உரிக்கலாம். முழுசாக எடுத்துப் புதுக் காரில் ஒட்டிவிடலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். பிய்த்தால் கிழிந்து பயனற்றுப் போகும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். காருக்கு எடுத்ததை லாரியில் ஒட்டிக் குறைந்த கட்டணத்தில் நழுவிவிடக் கூடாதல்லவா?

வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், பசை இளகிவிடும். மழைக்காலமானால் ஹேர் டிரையர் போதும். உள்பக்கமாக ஓரத்தை நகத்தால் கிளப்பி, காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் செருகி மெதுவாகத் தள்ளுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் கீறல், விரலில் ரத்தம் இரண்டுக்கும் இடமுண்டு. மிச்சப் பசையின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே சிறு விரிசல் இருந்தால் நீண்டுவிடும். உரித்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். வங்கி கேட்டால் படத்தைக் காட்டலாம்.

கல் பட்டுக் கண்ணாடி உடைந்து, புதிது மாற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழைய ஸ்டிக்கர் பழைய கண்ணாடியோடு போய்விடும். வங்கியிடம் சொல்லி மாற்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சார், ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிட்டீர்களா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். விற்கிறவருக்குப் பணம் மிச்சம். உங்களுக்கு டோல்கேட்டில் நிம்மதி. பேரமும் சுமுகமாக முடியும்!